நான் எழுதின கட்டுரையை நான் எழுதவில்லையாம்!

இன்று காலை ஸ்கூலில் என்னைப் பார்த்து ஊரே சிரித்தது!

சிரிப்பு எனக்குப் புதிதல்ல. (நான் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு போனவர்களைக் கேளுங்கள்.) ஆனால் இன்றைய சிரிப்பில் ஒரு மனிதருக்கு வேலை போகப்போகிறது. அதனால்தான் மெஷினை நிறுத்திவிட்டு இந்த வாசகசாலைப் பலகையில் ஒட்ட எழுதுகிறேன்.

விஷயம் இதுதான்.

போன மாதம் ஆறு கடக்கிற நம் கடவில் வள்ளம் கவிழ்ந்து மூன்று பேர் செத்துப்போனார்கள். அதைப் பற்றிப் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தது. அடியில் பெயர் இல்லை.

எழுதினவன் நான். பெயர் போடாதவனும் நான். பயம்!

கடவைக் குத்தகை எடுத்த முதலாளிதான் ஸ்கூல் கமிட்டிக்கும் தலைவர். எழுதியது யார் என்று கண்டுபிடிக்க இன்று கமிட்டி கூடியது. கட்டுரையின் நடையைப் பரிசோதிக்க ஓய்வுபெற்ற கோர்ட்டு குமஸ்தா ஒருவரை உட்காரவைத்திருந்தார்கள். கையில் சிவப்புப் பென்சில்.

“முதலாளி, இதப் பாரும். ‘அந்தோ’ன்னு மூணு எடத்துல வருது. நம்ம ஊருல அந்தோ போட்டு எழுதுகவன் யாரு? வாத்தியாரு ஒருத்தருதான். வடமொழி வார்த்தை பதினெட்டு. ஒரு வாக்கியம் ஒம்பது வரி ஓடுது. படிச்ச கையாக்கும் இது.”

எல்லோரும் வாத்தியாரைப் பார்த்தார்கள்.

“சார், நீரு எழுதினீரா இல்லியா? ஒரே வார்த்தையில சொல்லும்” என்றார் முதலாளி.

“நான் எழுதல்ல” என்றார் வாத்தியார். அதோடு விடாமல், “ஆனா எழுதியிருக்கணும்” என்றார்.

அவ்வளவுதான். வேலையிலிருந்து நீக்க ஸ்கூல் இன்ஸ்பெக்டருக்கு எழுதிவிட்டார்கள்.

நான் எழுந்து நின்றேன்.

“முதலாளி, அத எழுதினது நானாக்கும்.”

முதலாளி சிரிக்க ஆரம்பித்தார். கமிட்டி சிரித்தது. ஜன்னலுக்கு வெளியே நின்றவர்களும் சிரித்தார்கள்.

“நீரா? ஓய், ஒமக்குச் சட்டையில காஜா எடுக்கவே வராது!” என்றார் முதலாளி.

குமஸ்தா மட்டும் சிரிக்கவில்லை. தொழில் சுத்தம். “சரி வே, ‘உபேட்சை’ன்னு ரெண்டாம் பத்தியில எழுதியிருக்கேரே. அப்படின்னா என்ன?”

எனக்குத் தெரியவில்லை! என் கட்டுரையில் இருந்த வார்த்தை! வைத்தியர் கொடுக்கிற சூரணத்தின் பெயர் மாதிரி இருந்தது.

“அது... பத்திரிகைக்காரரு போட்டது” என்றேன்.

“அப்ப கட்டுரையும் அவருதான் எழுதினாராக்கும்! இரியும் வே.”

உட்கார்ந்துவிட்டேன்.

உண்மை என்னவென்றால் நான் அனுப்பியது வேட்டி. எடிட்டர் அதைச் சரிகை வைத்த அங்கியாக்கிவிட்டார்.

நான் எழுதினது: “வள்ளத்தில் இருபது பேர்தான் ஏறலாம். அன்றைக்கு முப்பத்தாறு பேர். ஏறாதே என்று சொல்ல ஒரு ஆள் இல்லை.”

அச்சில் வந்தது: “அளவிறந்த ஜனநெருக்கமும் குத்தகைதாரரின் உபேட்சையும் ஒருங்கே சேர்ந்து விளைத்த பரிதாபம்.” (உபேட்சை என்றால் அலட்சியமாம்; வாத்தியார் பிறகு சொன்னார்.)

நான் எழுதினது: “பொன்னம்மைக்கு நீச்சல் தெரியாது. கூடப் போன என் மகளுக்கும் தெரியாது. என் மகள் கையில் ஒரு தேங்காய்க் கதம்பைக் கட்டு அகப்பட்டது. பொன்னம்மை கையில் ஒன்றும் அகப்படவில்லை.”

அச்சில் வந்தது: “அந்தோ! இளங்குருத்துக்கள் நீரில் கருகின!”

(தண்ணீரில் எப்படியப்பா கருகும் என்று என் மகள் கேட்கிறாள். அவள் அன்றிலிருந்து கேட்டிருக்கிற ஒரே கேள்வி அதுதான்.)

எடிட்டரைக் குறை சொல்லவில்லை. என் தமிழை அப்படியே போட்டிருந்தால் பெரிய மனிதர்கள் படித்திருக்க மாட்டார்கள். படித்தார்கள், வாத்தியார் அகப்பட்டுக்கொண்டார். என் மூலக் காகிதத்தைக் கேட்டு எழுதியிருந்தேன். அச்சானபின் எதையும் வைத்திருப்பதில்லை என்று பதில் வந்துவிட்டது.

கமிட்டி கலைந்ததும் வாத்தியாரோடு நடந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன்.

“அண்ணாச்சி, நீரு எழுதினதை எழுதினபடி எனக்கு ஒருக்கா சொல்லும்” என்றார் அவரே.

சொன்னேன். பொன்னம்மை வந்த இடத்தில் வழியிலேயே நின்றுவிட்டார்.

“அடுத்த நாளு ஹாஜர் எடுக்கும்போ அவ பேரையும் வாசிச்சுட்டேன் அண்ணாச்சி. உம்ம மக மட்டும் எந்திரிச்சு நின்னா.”

என் மகள் இதை வீட்டில் சொல்லவே இல்லை.

நண்பர்களே, இனி உங்களிடம் வருகிறேன்.

தபாலில் போடுமுன் அந்தக் கட்டுரையை இதே வாசகசாலையில் வாசித்துக் காட்டினேன். அன்று ஏழு பேர் இருந்தீர்கள். “கொள்ளாம் வே, அனுப்பும்” என்று சொன்னவர் உங்களில் ஒருவர்தான். தபால் தலை ஒட்டிக் கொடுத்தவரும் உங்களில் ஒருவர்தான்.

அந்த ஏழில் நாலு பேர் இன்று ஜன்னலுக்கு வெளியே நின்றீர்கள். சிரித்தீர்களா என்று நான் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தீர்கள் என்பதைப் பார்த்தேன்.

கோபமில்லை. அந்தக் கடவைத் தாண்டாமல் நம்மில் யார் கோட்டாற்றுச் சந்தைக்குப் போக முடியும்? நாளைக்கு வள்ளத்தில் ஏற்றமாட்டேன் என்று முதலாளி சொன்னால்? எனக்கும் அதே பயம்தான். வாத்தியார் மேல் சந்தேகம் விழுந்து பத்து நாள் ஆகிறது. பத்து நாளும் வாயை மூடிக்கொண்டு பொத்தான் தைத்தவன் நான். முதல் நாளே சொல்லியிருந்தால், கமிட்டி கூடுவதற்கு முன், யாராவது நம்பியிருக்கலாம்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வந்து இரண்டு தரப்பையும் விசாரிக்கிறார். கமிட்டி எழுதினதற்கு அவர் சரி என்றால் வாத்தியார் அன்றே வீட்டைக் காலிசெய்ய வேண்டும். ஸ்கூல் கொடுத்த வீடு.

என் வார்த்தை எடுபடாது. அது இன்று தெரிந்துவிட்டது. கேட்ட ஆள் ஒருவர் என் பக்கத்தில் நின்று, “இவன் வாசிச்சத நான் கேட்டேன்” என்று சொல்ல வேண்டும். கட்டுரை சரி என்றுகூடச் சொல்ல வேண்டாம்.

ஏழு பேரும் வர வேண்டாம். ஒருவர் போதும்.

யார்?