கதீஜாவின் பையைத் துழாவினேன்

கணவர் துபாயிலிருந்து அனுப்பிய வீடியோ கேமில் பக்கத்து வீட்டு கதீஜாவும் நானும் தினமும் மத்தியானம் டாங்கி ஆட்டம் ஆடுவோம். அவள் கணவரும் வெளிநாட்டில்தான், சவூதியில். அப்போது நாங்கள் பாபநாசத்தில் இருந்தோம். ஆடி முடித்த பிறகும் அந்த கேம் கேசட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவள் பேசிக்கொண்டிருப்பது எனக்கு உறுத்தும்.

ஒருநாள் ஆட உட்கார்ந்தபோது கேசட்டைக் காணவில்லை; முந்தின நாள் கடைசியாக அவள் கையில்தான் பார்த்திருந்தேன். அவள் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனதும் அவள் பையைத் துழாவினேன். திரும்பி வந்தவள் பார்த்துவிட்டாள்.

"என்னக்கா தேடுறீங்க?"

"கேசட்டைக் காணோம்."

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த என் மகள் கேசட்டை எடுத்து வைத்தாள். தோழிகளிடம் காட்ட எடுத்துப் போனாளாம். ஓடிப்போய் கதீஜாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"எனக்கு அந்த ஆட்டமே பிடிக்காதுக்கா. வீட்ல தனியா உக்காந்திருக்க முடியல, அதான் வந்தேன்" என்றாள்.

அதன்பிறகு அவள் வரவில்லை. எனக்கும் அதே தனிமைதான் என்பதை அன்றாவது அவளிடம் சொல்லியிருக்கலாம்.