எங்கிருந்து வருகிறதென்று தெரியாத வாடை

வானத்தில் எந்தப் பக்கம் பார்த்தாலும் மங்கலாக எக்ஸ் கதிர்கள் பரவியிருக்கின்றன. அவை எங்கிருந்து வருகின்றன என்று தேடுவது என் வேலை. செயற்கைக்கோள் தொலைநோக்கி நெடுநேரம் உற்றுப் பார்த்தால் அந்த மங்கல் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரியும். பெரும்பாலும் தொலைதூர விண்மீன் திரள்களின் நடுவே வாயுவை விழுங்கும் கருந்துளைகள். தூசிக்குள் ஒளிந்திருப்பவற்றையும் நாங்கள் விடுவதில்லை.

குடியிருப்பது வடசென்னையில், ஆலைகள் சூழ்ந்த திருவொற்றியூரில். போன மழைக்காலத்தில் ஒரு காலை, தெரு முழுக்கக் கண்ணைக் கரிக்கும் வாடை. பள்ளிக்குக் கிளம்பிய பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். ஜனங்கள் சாலையை மறித்த பிறகுதான் அதிகாரிகள் கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள்.

"வாடை எல்லாப் பக்கத்துலருந்தும் வருது. இங்கருந்துதான்னு சொல்ல முடியாது" என்றார் பெரிய அதிகாரி, மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்காமலே.

பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் என்னைப் பிடித்து எழுப்பி நிறுத்தினார். "தோ கீறாரு பாரு, வானத்துல எது எங்க கீதுன்னு கண்டுபுடிக்கிறவரு. இவர கேளு சார்!"

"தெருவுக்குத் தெரு கருவி வைங்க. காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னும் சேர்த்துக் குறிங்க. எந்தப் புகைபோக்கின்னே தெரிஞ்சிடும்" என்றேன்.

உடனே என்னை நிபுணர் குழுவில் போட்டார்கள். முந்திரி பிஸ்கட் கொடுத்தார்கள். கருவியும் வந்தது, ஒன்றே ஒன்று. அதை நகரின் தென்கோடியில், அதிகாரியின் அலுவலக மொட்டைமாடியில் வைத்தார்கள். காற்று மிகச் சுத்தமாக இருப்பதாக அது சொன்னது.

"எங்க தெருவுல ஏன் சார் வைக்கல?" என்று அதிகாரியைக் கேட்டேன்.

"விலை ஒசந்த கருவி சார். அந்தக் காத்துல கெட்டுப்போயிடும்."

கடைசியில், வாடையின் மூலத்தைக் கண்டறிய இயலாது என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டார்கள்.

"எத்தனையோ கோடி ஒளியாண்டு தள்ளி இருக்கறதையே கண்டுபிடிக்கிறோம். இது மணலிக்கும் எண்ணூருக்கும் நடுவுல சார்!"

பெரிய அதிகாரி பரிவோடு சிரித்தார். "கருந்துளை வக்கீல் வைக்காது சார்."

நான் கையெழுத்துப் போடவில்லை. அறிக்கை நானில்லாமலே வெளிவந்தது. வீடு திரும்பி ஆட்டோக்காரரிடம் சொன்னேன். "வுடு நைனா, நாமளே பாத்துக்கலாம்" என்றார். தெருக்காரர்கள் சேர்ந்து வாயுவை அளக்கும் சின்னக் கருவிகளை வாங்கி மாடிக்கு மாடி கட்டினோம். அடுத்தடுத்து வாடை வந்தபோதெல்லாம், காற்றின் திசையோடு சேர்த்துப் பார்த்தால், எல்லாக் கருவிகளும் ஒரே ஆலையின் மதில் சுவரைக் காட்டின. வழக்குப் போட்டோம்.

சாட்சிக் கூண்டில் ஏறிய என்னிடம் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்ட முதல் கேள்வி: "வானத்தை ஆராயறவருக்குத் தரையைப் பத்தி என்ன தெரியும்?"

வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அந்த ஆலையும்தான்.