நெட்பால் திடலில் கழற்றிய கதவு

தலையில் கதவோடு நடக்கிறவனுக்கு யாரும் வழிவிடுவதில்லை. நின்று வேடிக்கை பார்ப்பார்கள். பிரிக்பீல்ட்ஸ் திடலை விட்டுப் பங்சார் போகும் சாலையில் ஏறியபோது எதிரே வந்த ஒரு அங்கிள் சைக்கிளை நிறுத்தினார்.

"வீடு கட்டுறியா தம்பி?"

"இல்ல அங்கிள், கதவு மட்டுந்தான்."

"அப்ப வீடு பின்னால வருதா?" என்று கேட்டுவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே மிதித்துப் போனார்.

கதவு என்னுடையதல்ல, கிளப்புடையது. அதற்குப் பின்னால்தான் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். கிள்ளானில் மீன் ஏற்றும் வேலை போனபின், படுக்க இடம் தருகிறோம் என்று சொன்னதால் அந்த கிளப்பில் திடலுக்குச் சுண்ணாம்புக் கோடு போட வந்தேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. கோடு போட அந்தப் படிப்பு போதும். ஸ்டோர் ரூமில் பந்துகளும் பழைய வலைகளும் கிடந்தன. வலைகளை மடித்துப் போட்டால் மெத்தை. கிள்ளானில் வலைக்குள் மீனைப் பார்த்தேன், இங்கே வலைக்குள் என்னைப் பார்த்துக்கொண்டேன்.

கிளப்பில் பெண்பிள்ளைகளின் நெட்பால் குழு ஒன்று இருந்தது. செயலாளரின் மச்சான் அதற்குத் தன்னைத்தானே டிரெயினராக வைத்துக்கொண்டார். அவரை 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிட வேண்டும். சிலம்ப மாஸ்டரா, தையல் மாஸ்டரா என்று யாரும் கேட்கவில்லை. கையில் எப்போதும் ஓர் எண்ணெய்ப் போத்தல். பிள்ளைகளுக்குக் கால் பிடித்துக்கொண்டால் உருவிவிடுவாராம். ஆனால் திடலில் வைத்து உருவ மாட்டார். ஸ்டோர் ரூமுக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்த வேண்டும். காற்றுப் பட்டால் எண்ணெய் வேலை செய்யாது என்பார்.

நான் வந்த கொஞ்ச நாளிலேயே ஒரு பிள்ளைக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. மாஸ்டர் என்னிடம், "போய் டீ குடிச்சிட்டு மெதுவா வா," என்றார். அந்தப் பிள்ளை ஸ்டோர் வாசல்வரை வந்தாள். போத்தலைப் பார்த்தாள், உள்ளே இருந்த இருட்டைப் பார்த்தாள். "வேணாம் மாஸ்டர், சரியாயிடுச்சு," என்று சொல்லிவிட்டு, சரியாகாத காலை இழுத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள். நான் டீ குடிக்கப் போயிருக்கவில்லை. வலையில் ஓட்டை இருக்கிறது, தைக்க வேண்டும் என்று சொல்லி அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நெட்பால் வலையில் ஓட்டை இல்லாத இடம் எது என்று மாஸ்டருக்கும் தெரியவில்லை.

அன்றைக்கே மிஸ்ஸி அக்காவிடம் சொன்னேன். அவர் ஆஸ்பத்திரி நர்ஸ்; அவர் மகளும் அந்தக் குழுவில் ஆடினாள். அவரைக் கண்டால் கிளப் தலைவரே சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவார்.

"புள்ள உள்ள போச்சா?" என்று கேட்டார்.

"போகல அக்கா."

"இனியும் எந்தப் புள்ளையும் போகக் கூடாது."

வெள்ளிக்கிழமை மாலை கமிட்டிக் கூட்டம் நடந்தது. மறுநாள் நெட்பால் பயிற்சி. மிஸ்ஸி விஷயத்தைச் சொன்னதும் கமிட்டிக்காரர்கள் எல்லோரும் குனிந்து டீ கிளாசுக்குள் எதையோ தேடினார்கள். தலைவர் தொண்டையைக் கனைத்தார்.

"பொம்பளப் புள்ளைங்க விஷயம். வெளிய தெரிஞ்சா பேரு கெட்டுடும். பேசாம நெட்பால நிறுத்திடுவோமா?"

"புள்ளைங்க என்ன பண்ணுச்சு, நிறுத்துறதுக்கு?"

"பாதுகாப்புக்குத்தான் சொல்றேன் மிஸ்ஸி."

"வீட்ல பாம்பு பூந்தா, புள்ளைங்கள வெளிய அனுப்பிட்டுப் பாம்புக்குப் பாய் விரிப்பீங்களா?"

செயலாளர் நிமிர்ந்தார். "என் மச்சானப் பாம்புங்கிறீங்களா?"

"நான் பேரச் சொல்லல. நீங்கதான் சொல்றீங்க."

செயலாளர் மறுபடியும் கிளாசுக்குள் போய்விட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. மச்சானைப் பற்றி ஒரு வார்த்தை பேசினால் அவருக்கு வீட்டில் சோறு கிடைக்காது.

"சரி, ஸ்டோர் கதவக் கழட்டிடுங்க," என்றார் மிஸ்ஸி. "தேய்க்கிறவரு தேய்க்கட்டும். எல்லாரும் பாக்கட்டும்."

கதவு கிளப் சொத்து, அதைக் கழற்றப் பொதுக்கூட்டம் கூட்ட வேண்டும், அதுவரை எல்லாம் இருக்கிறபடி இருக்கட்டும் என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். அதற்குள் வடை வந்துவிட்டது. கூட்டம் முடிந்தது.

வடை தின்னாமல் எழுந்து வந்தவர் மிஸ்ஸி ஒருவர்தான். நேராக என்னிடம் வந்தார்.

"கதவு உன் பொறுப்புத்தானே?"

"பூட்டுத்தான் என் பொறுப்பு அக்கா."

"கதவில்லாம பூட்டு எதுக்கு? கழட்டு."

கைப்பையிலிருந்து ஒரு திருப்புளியை எடுத்து நீட்டினார். நர்ஸ் கைப்பையில் திருப்புளி ஏன் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. திடலிலேயே வைத்தால் நாளைக்கே மாட்டிவிடுவார்கள் என்பதால், பங்சார் சாலையோரம் அவருடைய சித்தப்பா மகன் வைத்திருந்த ஒட்டுக்கடைக்குக் கொண்டுபோகச் சொன்னார். அந்த டீக்கடைக்கு ஒரு பக்கம் சுவர் கிடையாது. மழை பெய்தால் டீ பெருகும். "அங்க வெச்சு ஆணி அடிச்சிட்டா அப்புறம் அது கதவில்ல, சுவரு," என்றார். வீட்டில் சோற்றை வடித்துவிட்டு வருகிறேன் என்று போனார்.

இப்படித்தான் நான் தலையில் கதவோடு அந்தச் சாலையில் நடந்துகொண்டிருந்தேன்.

கடைக்காரர் கதவை நிறுத்தி முதல் ஆணியை அடிக்கும்போதே, யார் போய்ச் சொன்னார்களோ, மாஸ்டரின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

"டேய், கிளப் கதவத் திருடிட்டு வந்திட்டியா?"

"திருடினா தலையில வெச்சு மெயின் ரோட்டுல நடப்பேனா மாஸ்டர்?"

"நாளைக்குப் புள்ளைங்களுக்குக் கால் உருவணும். கதவக் குடு லா."

கடைக்காரர் உதட்டில் ஆணிகளைக் கவ்வியபடியே கேட்டார். "கால் உருவ எண்ணெய்தானே வேணும், பாஸ்? கதவ எங்க தேய்ப்பீங்க?"

பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பி உட்கார்ந்தார்கள்.

"வெளிய வெச்சா புள்ளைங்க வெக்கப்படும்," என்றார் மாஸ்டர், கொஞ்சம் மெதுவாக.

ரயில்வேயில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் கிளாசைக் கீழே வைத்தார். கைலியை முழங்காலுக்கு மேல் மடித்து, காலைத் தூக்கி மேசைமேல் வைத்தார். "எனக்கு வெக்கம் கிடையாது தம்பி. உருவு."

"அங்கிள், நான் வந்து…"

"மாஸ்டர்தானே நீ? உருவு."

மாஸ்டர் சுற்றிப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை, அதுதான் அவரை உட்கார வைத்தது. பெரியவரின் முழங்காலுக்குப் பிறகு கோழிக்கடைக்காரரின் கணுக்கால். அதற்குப் பிறகு ஒரு லோரி டிரைவர் சட்டையைக் கழற்றிவிட்டு முதுகைத் திருப்பினார். அந்த முதுகு ஒரு சின்னத் திடல். "இன்னும் கொஞ்சம் கீழ, மாஸ்டர். புள்ளைங்களுக்கு இப்படித்தான் தேய்ப்பீங்களா, இல்ல வேற மாதிரியா?" என்று அவர் கேட்டார். கடைக்காரர் கடைசி ஆணியை அடித்து முடித்தபோது போத்தல் காலியாகியிருந்தது. மாஸ்டர் யாரையும் பார்க்காமல் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்.

மிஸ்ஸி வந்து கதவைக் கையால் அழுத்திப் பார்த்தார். அசையவில்லை. நாளைக்குத் தானும் இன்னும் சில அம்மாக்களும் திடலில் இருப்போம் என்றார்.

"மாஸ்டர் வந்தா, அக்கா?"

"வரட்டும். நடுத்திடல்ல பாய் போட்டு வெப்பேன்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. "அப்ப நான் திரும்பிப் போறேன் அக்கா. கதவில்லாட்டியும் பரவால்ல, சாக்கத் தொங்கவிட்டுப் படுத்துக்குவேன்."

"நீ இனி அங்க படுக்கக் கூடாது தம்பி. புள்ளைங்க பை வெக்கிற இடம், உடுப்பு மாத்துற இடம். ஆம்பள யாரும் தங்க வேணாம்."

"நான்தானே அக்கா உங்ககிட்ட வந்து சொன்னேன்?"

"ஆமா. நல்ல புள்ள நீ. அவரையும் நல்லவருன்னுதான் இத்தன நாளா சொல்லிட்டிருந்தோம். ஆளுக்கொரு சட்டம் வெக்க முடியாது."

நானும் ஆம்பளைதான், அதை மறுக்க முடியவில்லை. மிஸ்ஸி எனக்கு ஒரு தட்டு மீ கோரெங் சொல்லி, முட்டை சேர்த்துப் போடச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் தின்பதை லோரி டிரைவர் பார்த்துக்கொண்டிருந்தார். தோளை ஒரு முறை சுழற்றிப் பார்த்துக்கொண்டார்.

"செலாயாங் மார்க்கெட்ல கோபிஸ் இறக்கணும். கூட வர்ற ஆள் ஓடிட்டான். வரியா?"

"படுக்க இடம் இருக்கா அண்ணே?"

"லோரிதான்."

"கதவு?"

"ரெண்டு இருக்கு. ஒண்ணு சரியா சாத்தாது."

அந்தச் சனிக்கிழமை பிள்ளைகள் ஆடினார்கள் என்று பின்னாளில் கடைக்காரர் சொல்லிக் கேட்டேன். காலை இழுத்துக்கொண்டு போன பிள்ளையும் வந்திருந்தாளாம். மாஸ்டர் வரவில்லை. அவருக்குக் கை சுளுக்கு என்று செயலாளர் சொன்னாராம்.

நான் அன்று காலை செலாயாங்கில் லோரிமேல் நின்று கோபிஸ் என்கிற முட்டைக்கோசைக் கீழே வீசிக்கொண்டிருந்தேன். கீழே நின்று பிடித்தவர் ஒரு சீனர். வேகமாக வீசினால் திட்டினார், மெதுவாக வீசினால் அதற்கும் திட்டினார். மதியத்துக்குள் இருவருக்கும் பழகிவிட்டது.