அழற்சிக்கு நான் சொன்ன சொல்

வெள்ளவத்தையில் இருபது வருடங்களாக உயர்தர வகுப்புகளுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். புத்தகத்தில் உள்ள எதையும் வீட்டுப் பேச்சில் சொல்லி விளங்கவைத்துவிடுவேன் என்று எனக்கு ஒரு மண்டைக்கனம் உண்டு. அந்த மண்டைக்கனம்தான் என் மனுஷனைக் கொல்லப் பார்த்தது.

போன வருடம் ஒருநாள், காலி வீதியில் பஸ்ஸால் இறங்கி வந்தவர் எங்கள் ஃப்ளாட்டின் படியில் பாதி ஏறி, நெஞ்சைப் பிடித்தபடி நின்றுவிட்டார். சோதனைகள் எல்லாம் முடிந்தபின், இதயத்துக்குப் போகும் குழாய் ஒன்றின் சுவரில் கொழுப்புப் படிந்திருக்கிறது என்றார் டொக்டர். இப்போதைக்குக் கொழுப்பைக் குறைக்கிற குளிசை போதும், ஆனால் ஒருநாளும் விடக்கூடாது என்றும் சொன்னார்.

அதோடு நான் பேசாமல் இருந்திருக்கலாம். அந்த வாரம்தான் எக்சோசோம் பற்றி எங்கேயோ வாசித்திருந்தேன். வாய் சும்மா இருக்குமா?

“இஞ்சாருங்கோ, கொழுப்பு மட்டுமில்லைப் பிரச்சினை. இரத்தத்தில நோயை எதிர்க்கிற கலங்கள் சின்னச் சின்னப் பார்சல் கட்டி அனுப்புதுகள். அதுதான் எக்சோசோம். அது குழாய்ச் சுவருக்குப் போய்ச் சேரும். சில பார்சல் ‘சண்டைக்கு வா’ எண்டும், சில பார்சல் ‘அடங்கு’ எண்டும் சொல்லும். சண்டை முத்தினா அழற்சி கூடும். கொழுப்பும் இன்னும் படியும்.”

“அழற்சி எண்டா?”

எனக்கு வகுப்புக்கு நேரமாகிவிட்டது. எரிச்சலும் வந்தது. “உள்ளுக்குள்ள ஒரு சூடெண்டு வையுங்கோவன்!” என்றேன்.

“ஓ, சூடோ!” அவருடைய முகம் தெளிந்தது. என்ன அழகாகச் சொல்லிவிட்டேன் என்று நானும் மகிழ்ந்துபோனேன்.

எங்கள் ஆட்களிடம் சூடு என்ற சொல்லைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? அன்னாசி சூடு, இறால் சூடு, முருங்கைக்காயும் சூடு. அடுத்த நாளே செவ்விளநீர் வந்தது. வெந்தயம் ஊறியது. தலையில் நல்லெண்ணெய் வேறு. பரவாயில்லை, மனுஷன் உடம்பைக் கவனிக்கிறார் என்று விட்டுவிட்டேன். அந்தக் கவனத்துக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று நான் பார்க்கவே இல்லை.

மூன்று மாதம் கழித்து எடுத்த இரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரோல் முந்தியதை விடக் கூடியிருந்தது. ரிப்போர்ட்டோடு இருவரும் டொக்டரிடம் போனோம்.

“குளிசை ஒழுங்காப் போடுறீங்களா?” என்று டொக்டர் கேட்டார்.

இவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “அந்தக் குளிசை சரியான சூடு டொக்டர். போட்டா வாயெல்லாம் அவியுது. உள்ளுக்கு ஏற்கெனவே சூடு. அதுக்கு மேல இதையும் போட்டா என்னாகிறது? ரெண்டு மாசமா விட்டிட்டன். இவதான் சூடெண்டு சொன்னவ.”

டொக்டர் என்னைப் பார்த்தார். ஐயோ, நான் இருந்த கதிரையோடு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. அழற்சி என்பது சாப்பாட்டுச் சூடு இல்லை, குழாய்ச் சுவர் புண்பட்டு வீங்குவது என்றும், அந்தக் குளிசைதான் அதையும் அடக்குகிறது என்றும் அவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார்.

வெளியே வந்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. றோட்டில் ஆட்கள் பார்க்கிறார்கள் என்றும் பாராமல் கத்தினேன். “என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்தானே! வீட்டில ஒரு டீச்சரை வைச்சுக்கொண்டு!”

“கேட்டா நீர் ஏசுவீர்,” என்றார்.

 வீட்டுக்கு வந்து குளிசையையும் தண்ணீரையும் கொண்டுபோய் அவருக்கு முன்னால் வைத்தேன். அவர் குளிசையை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டு கேட்டார்:

“இந்த ரெண்டு மாசத்தில உள்ளுக்கு எவ்வளவு பழுதாகியிருக்கும்?”

 சுவரில் படிந்த கொழுப்பு எப்போது வெடித்துக் குழாயை அடைக்கும், வெடிக்காமலே இருக்குமா என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

“தெரியாதப்பா,” என்றேன். “எனக்குப் பயமாயிருக்கு.”

“எனக்கும்தான்,” என்றார். குளிசையை விழுங்கிவிட்டு, “வகுப்புக்குக் கொஞ்சம் பிந்திப் போமன். பக்கத்தில இரும்,” என்றார்.