தூக்கக் கூடாத கையைத் தூக்கினேன்

பிரியமானவர்களே, பொறாமைக்காரி ஒருத்திக்குக் கர்த்தர் இரங்கிய விதத்தைச் சொல்ல வந்திருக்கிறேன். அந்தப் பொறாமைக்காரி நான்தான்.

காளவாசல் பக்கம் ஒரு மிஷன் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். போன வருஷம் பள்ளி திறந்த முதல் வாரம், பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்து நின்றேன். திடீரென்று பிரேக் போட்டார்கள். உடம்பு முன்னால் போனது, கை கம்பியிலேயே நின்றது. வலது தோளில் ஏதோ அறுந்தது. மூன்று மாதம் தைலமும் ஒத்தடமுமாக ஓட்டினேன். தலை சீவ முடியவில்லை. கரும்பலகையில் எழுத முடியவில்லை. இனி டீச்சர் வேலை அவ்வளவுதான் என்று அழுதேன்.

அதே சமயம் எங்கள் சபையில் கிரேஸ் அக்காவுக்கும் தோள்வலி. இரண்டு பேருக்கும் ஒரே ஜெபம்தான் செய்தார்கள். அக்காவுக்கு உடற்பயிற்சியே போதும் என்றார் டாக்டர். ஒரே மாதத்தில் சுகம் கிடைத்ததென்று அக்கா சபை முன்னால் சாட்சியும் சொல்லிவிட்டார். என் ஸ்கேனைப் பார்த்த டாக்டரோ, “ரெண்டு தசைநாரு கிழிஞ்சு உள்ள இழுத்துக்கிச்சும்மா. வெறும் தையல் நிக்காது. உங்க தொடையிலருந்தே சவ்வு எடுத்து மேல ஒட்டு வச்சுத் தைக்கணும். அப்புறம் ஆறு வாரம் கையை நீங்களா தூக்கவே கூடாது” என்றார்.

எனக்குப் பயத்தைவிட வயிற்றெரிச்சல்தான் அதிகம். “ஆண்டவரே, அவங்க செல்லப்பிள்ளை, நான் மாற்றாந்தாய்ப் பிள்ளையா?” என்று ஜெபத்திலேயே சண்டை போட்டேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தும் அந்த எரிச்சல் அடங்கவில்லை.

நான்காம் வாரம் ஞாயிறு, கையைத் தாங்கும் பட்டையோடு ஆராதனைக்குப் போனேன். பாட்டு உச்சத்தில் இருந்தது. முன்வரிசையில் அக்கா இரண்டு கையையும் உயர்த்தினார். “கர்த்தர் செஞ்ச அதிசயத்தைப் பாருங்க!” என்று யாரோ சொன்னார்கள். என்னால் பொறுக்க முடியவில்லை. பட்டையைக் கழற்றிவிட்டுக் கையைத் தூக்கினேன். துதிப்பதற்காக அல்ல, அக்கா பார்ப்பதற்காக. சுரீரென்று ஒரு வலி. கண் இருட்டிவிட்டது.

எல்லோரும் போன பிறகும் பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதேன். அக்காதான் வந்தார்.

“என்ன டீச்சர், முகம் இப்படி வெளிறிக் கெடக்கு?”

“உங்க மேல பொறாமையில கையைத் தூக்கிட்டேன்க்கா. தையல் விட்டுப்போச்சுன்னு நெனைக்கிறேன்.”

திட்டுவார் என்று பார்த்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அடப்பாவமே! எனக்கே கையைத் தூக்குனா உயிர் போகுது டீச்சர். அம்புட்டு பேரு முன்னாடி சாட்சி சொல்லிட்டு, இன்னும் வலிக்குதுன்னு எப்படிச் சொல்ல? பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் தூக்குறேன்.”

இந்தக் கைக்கா இத்தனை நாள் ஏங்கினேன்! அழுகையோடு சிரிப்பும் வந்தது. மறுநாள் ஆஸ்பத்திரிக்கு அக்காவும் வந்தார். ஸ்கேன் அறை வாசலில் முதல் முறையாகச் சண்டையில்லாமல் ஜெபித்தேன். “ஆண்டவரே, என் புத்தி கெட்டுப்போச்சு. தையலையும் காப்பாத்தும், அக்கா வலியையும் எடுத்துப்போடும்” என்றேன்.

டாக்டர் படத்தை வெகுநேரம் பார்த்தார். “ஒட்டு தாங்கிருச்சும்மா. ஒண்ணும் ஆகல. வெறும் தையலா இருந்தா இந்நேரம் பிச்சுக்கிட்டுப் போயிருக்கும்” என்றார். எனக்கு எளிய வைத்தியம் தரவில்லையே என்று கர்த்தரிடம் எத்தனை கோபப்பட்டேன்! அந்தப் பெரிய வைத்தியம்தான் என் மூடத்தனத்திலிருந்து என்னைக் காத்தது. இப்போது பள்ளிக்குப் போகிறேன். பலகையின் மேல்வரி எட்டாது; நடுவிலிருந்து எழுதுகிறேன்.

போன மாதம் அக்கா சபையில் எழுந்து, “எனக்கு இன்னும் முழுசாச் சுகமாகல, ஜெபிச்சுக்கங்க” என்றார். சபையே கண்ணீர் விட்டது. இப்படி எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லையே என்று அதற்கும் ஒரு நிமிஷம் பொறாமைப்பட்டேன். மெய்யாகவே சொல்கிறேன், அந்தக் குணம் இன்னும் முழுசாகப் போகவில்லை. உங்களுக்கும் யார் மேலாவது வயிறு எரிந்தால் மறைக்காதீர்கள். அந்தப் பெயரைச் சொல்லியே ஜெபியுங்கள். கேட்கக் கர்த்தர் இருக்கிறார். என் ஜெபத்தையே கேட்டவர், உங்கள் ஜெபத்தைக் கேட்கமாட்டாரா?