இடது மேல் மூலை

மடிக்கணினியைத் திறப்பதற்கு முன் அக்கா முழங்கை வரை கை கழுவுகிறாள். சோப்பு நுரையை விரல் இடுக்குகளில் ஓட்டி, குழாயை முழங்கையால் இடித்து மூடி, ஈரக் கைகளைத் தூக்கிப் பிடித்தபடி அறைக்குள் வருகிறாள். பிறகு ஒரு எவர்சில்வர் தட்டில் இரண்டு பேனா, ஒரு பென்சில், மஞ்சள் கோடு போடும் பேனா, மூக்குக்கண்ணாடி, அதைத் துடைக்கும் துணி என்று வரிசையாக வைக்கிறாள். படித்து முடித்ததும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிறாள். ஒருநாள் பென்சிலைக் காணோம். "எடுத்தது ஆறு, வந்தது அஞ்சு. யாரும் இடத்தை விட்டு நகராதீங்க" என்றாள், ஆபரேஷன் அறையில் சொல்வதைப் போல. பென்சில் அவள் கொண்டையில் இருந்தது.

அக்கா என்று நான் அழைப்பது என் ஓரகத்தியை. என் கணவரின் அண்ணன் மனைவி. பத்தொன்பது வருடமாக நர்ஸ். அதில் ஒன்பது வருடம் ஆண்கள் அறுவை வார்டுக்குப் பொறுப்பு. நாற்பத்து மூன்று வயதில் ஆன்லைனில் பட்டப்படிப்பு சேர்ந்தாள். இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து எங்கள் வீட்டில் கதவைச் சாத்திக்கொள்ளக்கூடிய அறை ஒன்றுதான். என் தையல் மெஷினும் அங்கேதான் இருக்கிறது. அவள் படிக்கும்போது நான் மெஷினை நிறுத்திவிட்டுக் கையால் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுப்பேன். அதனால் அவள் படித்த பாடம் எல்லாவற்றுக்கும் நானும் கூடவே இருந்திருக்கிறேன்.

காலை டியூட்டி முடிந்து வந்து, நாலு மணிக்கு உட்காருவாள். பாடம் நடத்துகிறவர் டை கட்டிய இளைஞர். நோயாளியிடம் எப்படிப் பரிவாகப் பேசுவது என்று ஒரு பொம்மையின் மேல் குனிந்து காட்டுவார். அக்கா திரையோடு பேசுவாள். "தம்பி, அவ்வளவு சாயாத. வாந்தி எடுத்தா உன் டையிலதான்." கட்டிலில் விரிப்பு மாற்றும் பாடத்தை இரட்டை வேகத்தில் ஓட்டிவிட்டு, "இப்பவும் மெதுவாத்தான் மாத்துறான்" என்றாள்.

எழுத்து வேலைதான் அவளுக்கு வரவில்லை. மனக்கலக்கத்தில் இருந்த ஒரு நோயாளியைக் கையாண்ட அனுபவத்தை ஐந்நூறு சொல்லில் எழுதச் சொன்னார்கள். அவள் எழுதியது: "நோயாளி அழுதார். அருகில் அமர்ந்து பேசப்பட்டது. அமைதியானார். இரவு தூங்கினார்." வார்டில் அவர்கள் குறிப்பு எழுதுவது அப்படித்தான். "நடந்ததை எழுதியாச்சு. மிச்சம் நானூத்தித் தொண்ணூத்திரெண்டு சொல்லுக்கு நான் எங்க போக?" என்று என்னைக் கேட்டாள். "அவர் ஏன் அழுதாருக்கா?" என்றேன். மனைவி, மகன், வரப்போகிற ஆபரேஷன் என்று அரை மணி நேரம் சொன்னாள். சொன்னதையெல்லாம் எழுதச் சொன்னேன். "இதெல்லாமா எழுதுவாங்க?" என்று கேட்டுக்கொண்டே எழுதினாள்.

இது ஆசைக்குப் படிக்கிற படிப்பு இல்லை. ஆஸ்பத்திரியில் சுற்றறிக்கை வந்துவிட்டது. வருடக் கடைசிக்குள் பட்டம் வாங்காதவர்கள் வார்டுப் பொறுப்பில் இருக்க முடியாது. அவர்களை வெளிநோயாளிகளுக்குச் சீட்டுப் பதியும் மேசைக்கு மாற்றிவிடுவார்கள். "பேரு என்ன, வயசு என்ன, என்ன தொந்தரவு. இதைக் கேக்குறதுக்கா பத்தொன்பது வருஷம்?" என்பாள்.

எல்லாப் பாடமும் முடிந்து ஒரே ஒரு தாள் பாக்கி இருந்தது. நூறு கேள்வி, இரண்டு மணி நேரம். வீட்டிலிருந்தே எழுதலாம், கணினியின் கேமரா பார்த்துக்கொண்டிருக்கும். அறையில் வேறு ஆளோ புத்தகமோ இருக்கக் கூடாது. கண் திரையை விட்டு விலகினால் எச்சரிக்கை வரும். மூன்றாவது எச்சரிக்கையில் தாள் தானாக மூடிக்கொள்ளும். ஐம்பது வந்தால் தேர்ச்சி. மதிப்பெண்ணைப் பற்றி அக்காவுக்குப் பயமே இல்லை.

ஆனால் அவளுக்கு யோசிக்கும்போது கண் இடப்பக்கம் மேலே போகும். சலைன் பாட்டில் தொங்குகிற இடம் அது. இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்டால்கூட அங்கே பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாள். எங்கள் அறையில் அந்த மூலையில் கொஞ்சம் ஒட்டடை தவிர ஒன்றும் கிடையாது. பரீட்சையன்று, சுவரில் பிட் ஒட்டியிருக்கிறாள் என்று இயந்திரம் எடுத்துக்கொண்டது. இருபது கேள்விக்குள் இரண்டு எச்சரிக்கை. நாற்பத்தோராவது கேள்வியில் வாசலில் 'பீப், பீப்' என்று சத்தம். அவள் கணவர், எனக்கு அத்தான், சரக்கு வேன் ஓட்டுகிறார்; வண்டியைப் பின்பக்கமாக எடுத்து நிறுத்திக்கொண்டிருந்தார். வார்டில் மருந்து தீர்ந்தால் அதை ஏற்றுகிற பம்பு போடும் சத்தமும் அதுதான். அக்கா எழுந்து இரண்டு எட்டு வைத்துவிட்டாள். திரும்பிப் பார்த்தபோது தாள் மூடியிருந்தது.

"நான் வண்டியைப் பின்னாடிதானே எடுத்தேன், நீ எதுக்கு முன்னாடி வந்த?" என்றார் அத்தான்.

"உங்க வண்டிக்கு சலைன் தீர்ந்துபோச்சுன்னு நெனச்சேன்" என்றாள். நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய்த் தட்டில் இருந்த சாமான்களை எண்ணினாள்.

பதினெட்டு நாள் கழித்து இன்னொரு முறை எழுதலாம். அதிலும் மூடிக்கொண்டால் அடுத்த வருடம்தான். அடுத்த வருடம் என்றால் சீட்டு மேசை.

மறுநாளே பயிற்சி தொடங்கியது. "நீ எதிர்ல உக்காரு. யார் மூஞ்சியையும் பாக்காத மாதிரியே இருந்துக்கிட்டு எல்லாத்தையும் பாக்குறவதானே நீ" என்றாள். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு அந்தக் கேள்விகளில் பாதி புரியாது. கண் எங்கே போகிறது என்பது புரியும். அவள் கண் மேலே ஏறினால் நான் கத்திரிக்கோலால் மேசையைத் தட்ட வேண்டும். முதல் நாள் அறுபத்து மூன்று தட்டு. அத்தான் செய்த தப்புக்குப் பரிகாரமாக வேன் சத்தத்தைப் போனில் பதிந்து, கதவுக்குப் பின்னால் நின்று நேரம் காலம் இல்லாமல் ஓடவிடுவார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்ப்பாள். "மாமியார் கொடுமை கேள்விப்பட்டிருக்கேன். இது என்ன கொடுமை?" என்பாள். பத்தாம் நாள் நாலு தட்டுதான். போன் எத்தனை தடவை கத்தியும் அவள் இமைகூட ஆடவில்லை. அத்தான் என்னைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

பதினோராம் நாள் டியூட்டி முடிந்து வந்தவள் ஷூவைக் கழற்றாமல் வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏழாம் கட்டில்ல மருந்து பம்பு கத்தியிருக்கு. நான் பக்கத்துலதான் நிக்கிறேன், சார்ட் எழுதிக்கிட்டு. கேட்டுச்சு எனக்கு. கேட்டும் திரும்பல."

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?" என்றார் அத்தான்.

"மருந்து தீர்ந்திருந்துச்சு, அவ்வளவுதான். புதுசா வந்த பொண்ணு ஓடி வந்து மாத்துச்சு. மாத்திட்டு என்னை ஒரு பார்வை பாத்துச்சு." சற்று நேரம் ஷூ நாடாவையே இழுத்துக்கொண்டிருந்தாள். "அந்தச் சத்தத்தைப் போன்லேருந்து அழிச்சிடுங்க."

"இன்னும் ஏழு நாள்தானே? இவ்வளவு தூரம் வந்துட்டு..."

"பாஸ் பண்ணிட்டு அந்த வார்டுல போய்ச் செவிடா நிக்கவா? அழிங்க."

அவர் அழித்தார். நானும் கத்திரிக்கோலைப் பெட்டியில் போட்டேன். அன்று தட்டும் பேனாவும் வெளியே வரவில்லை. சீட்டு மேசைக்கு இப்போதே மனதைத் தயார் செய்கிறாளோ என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள், கிளிப்பைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றாள். "ஏய், கண்ணு மேலதான் போவேங்குதுன்னா, கம்ப்யூட்டரையே மேல வச்சா என்ன?"

உடனே உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். பரீட்சையை நின்றுகொண்டு எழுதலாமா என்று கேட்டாள்.

"நின்னுக்கிட்டா? ஏன் மேடம், வீட்ல நாற்காலி இல்லையா?"

"நாற்காலி இருக்கு தம்பி. உங்க விதியில நாற்காலி இருக்கா?"

அந்தப் பக்கம் எதையோ புரட்டும் சத்தம் கேட்டது. "முகம் முழுசாத் தெரியணும்... கண்ணு திரையில இருக்கணும்... உக்காரணும்னு எங்கயும் போடல மேடம்."

"பத்தொன்பது வருஷமா நின்னுக்கிட்டுதான் யோசிச்சிருக்கேன். உக்காந்தா எனக்கு ஒண்ணும் ஓட மாட்டேங்குது."

இழுப்பறை மேசையின் மேல் என் தையல் மெஷினின் மர மூடியைக் கவிழ்த்து, அதன் மேல் கணினியைக் கொஞ்சம் இடப்பக்கமாக வைத்தோம். இன்னும் நாலு விரல் உயரம் வேண்டியிருந்தது. அவளுடைய பாடப் புத்தகம் சரியாக இருந்திருக்கும். ஆனால் புத்தகம் இருக்கக் கூடாதே. "ஆயிரம் பக்கம். முட்டுக் கொடுக்கக்கூட உதவல பாரு" என்று சொல்லிவிட்டு, என் துணிக் கட்டு ஒன்றை மடித்து வைத்தாள். நான் கேமரா பக்கம் நின்று அவள் கண்ணைப் பார்த்தேன். படிக்கும்போதும் திரையில் இருந்தது. யோசிக்கும்போதும் திரையில் இருந்தது. 'பீப்' என்று நானே வாயால் கத்தினேன். கண் சட்டென்று மேலே போயிற்று. மேலே திரைதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பரீட்சை. அத்தான் வேனை மூன்று தெரு தள்ளி நிறுத்திவிட்டுச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். அழைப்பு மணியின் ஒயரைக் கழற்றினார். என் கணவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போய்விட்டார். நான் வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டு, காஜா எடுக்க வேண்டிய சட்டையோடு கதவுக்கு வெளியே நடைவழியில் தரையில் உட்கார்ந்தேன். யாராவது வந்தால் தடுக்க வேண்டும்.

கதவுக்குக் கீழே இரண்டு விரல் இடைவெளி. அதில் அவளுடைய டியூட்டி ஷூ இரண்டும் தெரிந்தன. பாரம் வலது காலுக்கும் இடது காலுக்குமாக மாறிக்கொண்டிருந்தது. அரை மணி நேரத்தில் கணினி ஒரு முறை எச்சரித்தது, தும்மினாளாம். அதற்குப் பிறகு மௌஸ் தட்டும் ஓசை மட்டும்தான்.

பதினொன்றரை இருக்கும். பக்கத்து வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரம் வேலை முடிந்து கூவியது. பீப், பீப், பீப். வலது குதிகால் தரையை விட்டுக் கிளம்பியது. என் ஊசி பாதித் துணியில் நின்றது. சமையலறையில் அத்தான் தலையில் கை வைத்துக்கொண்டார். குதிகால் அந்தரத்திலேயே இருந்தது. பிறகு மெல்ல இறங்கியது. மௌஸ் தட்டியது. எச்சரிக்கை எதுவும் வரவில்லை.

பன்னிரண்டு மணிக்குக் கதவு திறந்தது. எழுந்திருக்கப் பார்த்தேன், முடியவில்லை. சத்தம் வந்துவிடுமோ என்று இரண்டு மணி நேரமும் காலை மாற்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

"எந்திரிக்காத, விழுந்துடுவ. கால் மரத்துப்போச்சா?"

"என்னக்கா ஆச்சு? பாஸா?"

"எழுபத்தெட்டு. காலை நீட்டு."

அத்தான் சமையலறையிலிருந்து என்னவோ கத்திக்கொண்டே ஓடி வந்தார். அக்கா அவர் பக்கம் திரும்பவில்லை. தரையில் உட்கார்ந்து என் குதிகாலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கணுக்காலிலிருந்து மேல்நோக்கி நீவிவிட்டாள். பிறகு என் கால் கட்டைவிரல் நகத்தை அழுத்தி விட்டுவிட்டு, ரத்தம் திரும்பி வருகிறதா என்று குனிந்து பார்த்தாள்.