மஞ்சள் தொப்பியும் இரண்டு ரிப்பன்களும்

என் முதல் ஓட்டப் பந்தயத்தில் எனக்கு இடப்பட்ட ஒரே கட்டளை, வேகமாக ஓடக்கூடாது என்பது. கட்டளை போட்டவர் அம்மா. அத்தை எங்கள் வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, மின்தூக்கிக்கு முன்னால் என் காதருகே குனிந்தார்.

"அத்தை கையை விட்டுடாத. அவ ஓட ஆரம்பிச்சா நிக்க மாட்டா. கால் வலிக்குது, தண்ணி வேணும்னு எதையாவது சொல்லி மெதுவா கூட்டிட்டு வா."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒன்பது வயது எனக்கு. பொங்கோலில் எங்கள் அடுக்குமாடி புளோக்கைச் சுற்றி ஒரு மாதமாக ஓடிப் பழகியிருந்தேன். குடும்ப ஓட்டம், ஐந்து கிலோமீட்டர். முந்தி வருபவர்களுக்கு மட்டும், இருப்பு உள்ளவரை, சிங்கத் தலை பொறித்த மெடல். அதை மாட்டிக்கொண்டு மறுநாள் பள்ளிக்குப் போவதாக வகுப்பில் பாதிப் பேரிடம் சொல்லியும் வைத்திருந்தேன்.

அம்மாவின் கணக்கு வேறு. அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தார். பாலிகிளினிக்கில் வேலை. வயது முப்பத்து மூன்று. அந்த வயதை எங்கள் வீட்டில் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். அதற்கு முந்தைய வருடம் ஒரு குடும்பம் பெண் பார்க்க வந்து, கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, ஈரச் சந்தையில் மீன் பொறுக்குவதுபோல அத்தையைப் பார்த்துவிட்டுப் போனது. அன்றே அத்தை சொல்லிவிட்டார். "இனிமே தட்டைத் தூக்கிட்டு வந்து நிக்க மாட்டேன் அண்ணி. எந்த மாப்பிள்ளை வந்தாலும் சரி."

"தட்டு வேண்டாம். ஓடிக்கிட்டே பாத்துக்குங்க," என்றார் அம்மா. அம்மாவை வெல்ல முடியாது. கிளமெண்டியில் ஒரு நல்ல குடும்பம், ஒரே பையன், அவரும் அதே ஓட்டத்துக்குப் பெயர் கொடுப்பார், பாதி வழியில் தண்ணீர் கொடுக்கும் இடத்தில் மஞ்சள் தொப்பியோடு காத்திருப்பார் என்று எல்லாம் பேசி முடித்திருந்தார். இதெல்லாம் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியவந்தது. அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: அத்தை குளியலறையை விட்டு வெளியே வர அரை மணி நேரம் ஆனது. கண்ணுக்கு மை இட்டு, அழித்து, மறுபடி இட்டிருந்தார். ஓடப் போகிறவர் எதற்கு மை இடுகிறார் என்று அப்பாவிடம் கேட்டேன். அப்பா அவசரமாகச் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார்.

காலாங் ஆற்றோரம் விசில் ஊதியதும் எல்லாரும் பாய்ந்தார்கள். அம்மாவும் அப்பாவும் முதல் வளைவு வரை ஓடினார்கள். பிறகு, மாப்பிள்ளையின் அம்மா காத்திருந்த முடிவுக் கோட்டுக்குக் குறுக்கு வழியில் நடையைக் கட்டினார்கள். நான் அம்மா சொன்ன சொல் தவறாமல் கால் வலிக்குது என்றேன், தாகம் என்றேன், வயிறு என்னவோ செய்கிறது என்றேன். ஒவ்வொன்றுக்கும் அத்தை நின்று, "சரி, மெதுவா போலாம்," என்றார். வழக்கமாக என்னை இழுத்துக்கொண்டு ஓடுகிறவர் அன்று அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

தண்ணீர் மேசைக்குச் சற்று முன்னால், நடைபாதை ஓரத்தில் மஞ்சள் தொப்பி உட்கார்ந்திருந்தது. கையில் ஒரு ஷூ. அதன் அடிப்பாகம் முழுக்கப் பெயர்ந்து நாக்கைத் தொங்கப் போட்டிருந்தது. நம் ஊர் ஈரக்காற்றில் வருடக்கணக்காகப் பெட்டியில் கிடந்த ஷூவை எடுத்து மாட்டினால் அப்படித்தான் ஆகும், பசை இளகிவிடும். பாவம், அந்த மனிதர் கடைசியாக ஓடியது எப்போதோ.

அத்தையைப் பார்த்ததும் அவர் எழுந்து நிற்கப் பார்த்து, தடுமாறி, மறுபடி உட்கார்ந்தார். "காலையில எங்கம்மா தொப்பி நேரா இருக்கான்னு மூணு தடவை பாத்தாங்க. கீழ யாருமே பாக்கல," என்றார்.

அத்தை சிரித்தார். வீட்டில் நான் கேட்டே இராத சிரிப்பு, தோள் குலுங்க. பிறகு என் பக்கம் திரும்பி, கேட்காமல் கொள்ளாமல் என் வலது சடையிலிருந்து ரிப்பனை உருவினார். பார்ப்பவர்களுக்கு நல்ல குடும்பமாகத் தெரிய வேண்டும் என்று அம்மா விடியற்காலையில் கட்டிவிட்ட ரிப்பன். அத்தை மண்டியிட்டு அதை அவர் ஷூவைச் சுற்றி இறுக்கி இரட்டை முடிச்சுப் போட்டார். கொஞ்ச தூரம் போனதும் மற்ற ஷூவும் வாயைப் பிளந்தது. என் இடது ரிப்பனும் போயிற்று. மூன்று பேரும் நடந்தோம். அவர்கள் எந்தப் பள்ளி, எந்தக் கடையில் காப்பி நன்றாக இருக்கும் என்றெல்லாம் பேசினார்கள், அத்தை மறுபடி மறுபடி சிரித்தார். நான் தலைவிரி கோலமாக நடுவில் நடந்தேன். பாட்டிகளும் தள்ளுவண்டிக் குழந்தைகளும் எங்களை முந்திப் போனார்கள்.

"அத்தை, மெடல் முடிஞ்சிடும் லா!"

பாலத்துக்கு அடியில் வந்தபோது மஞ்சள் தொப்பிக்காரரின் குரல் இறங்கியது. "தப்பா எடுத்துக்காதீங்க. இதை உங்ககிட்ட மறைக்கக் கூடாது. என் ஆபீஸ்ல ஒருத்தங்க இருக்காங்க. சீனப் பொண்ணு. அம்மாகிட்ட சொல்ல இன்னும் தைரியம் வரல. ஏற்கனவே வந்த வரனை எல்லாம் நான்தான் வேண்டாம்னு சொன்னேன். இந்தத் தடவையும் நானே சொன்னா அம்மா தாங்க மாட்டாங்க. நீங்க... என்னைப் பிடிக்கலன்னு சொல்லிடுறீங்களா?"

எல்லாம் என் தலைக்கு மேலேதான் பேசப்பட்டது. ஒவ்வொரு சொல்லும் என் காதில் விழுந்தது. என் மனமோ மெடல் மேசையில் இருந்தது.

என் கையைப் பிடித்திருந்த அத்தையின் பிடி இறுகியது.

"அவங்க பேரு என்ன?"

அவர் சொன்னார்.

"நல்ல பேரு," என்றார் அத்தை. "சரி. நான் சொல்லிடுறேன்."

மஞ்சள் தொப்பிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. நன்றி சொன்னார். "இந்த ஷூவோட நான் மெதுவாதான் வரணும். பாப்பா மெடலுக்குத் தவிக்குது. நீங்க முன்னாடி போங்க," என்றார். எனக்கு அவரை அப்போதுதான் முதல்முறையாகப் பிடித்தது. அத்தையின் கையைப் பிடித்து இழுத்தேன். வழி காலியாகக் கிடந்தது, முடிவுக் கோட்டின் பலூன்கள்கூடத் தெரிந்தன.

"பரவாயில்ல," என்றார் அத்தை. "நடந்தே போலாம்."

மெடல் தீர்ந்து போயிருந்தது. அட்டைப் பெட்டிகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். இரண்டு அம்மாக்களுக்கோ வாயெல்லாம் பல், அத்தையும் அவரும் சேர்ந்து நடந்து வந்தார்களே!

தேக்காவில் பசியாறப் போனோம். தோசை வருவதற்குள் அம்மா கேட்டுவிட்டார்.

"வேண்டாம் அண்ணி," என்றார் அத்தை.

"ஏன், என்ன குறை?"

"ஷூவைக்கூடப் பாத்துப் போட்டுக்கத் தெரியாத ஆளு."

அப்பாவுக்குப் புரையேறியது. அம்மா கொதித்துப் போனார். திமிர் என்றார், இனி என் வாயால் ஒரு வரன் சொல்ல மாட்டேன் என்றார். சொன்னபடியே செய்தார். கல்யாணமாகாதவர்கள் அரசு வீடு வாங்க அனுமதியுள்ள முப்பத்தைந்து வயதானதும் அத்தை செங்காங்கில் தனியாக ஒரு சின்ன வீடு வாங்கிக்கொண்டு போனார். அம்மா அதையும் அந்த ஷூவின் கணக்கில்தான் எழுதினார்.

எனக்கு அது நல்ல கதையாகிவிட்டது. ஒவ்வொரு தீபாவளிக்கும், வந்தவர்கள் முன்னால் ரிப்பன் கட்டிய ஷூவோடு தத்தித் தத்தி நடந்து காட்டுவேன். எல்லாரையும்விட அத்தை அதிகம் சிரிப்பார்.

இப்போது எனக்கு வரன் பார்க்கிறார்கள். போன தீபாவளிக்கு வழக்கம்போல நடந்து காட்டிக்கொண்டிருந்தேன். "நீங்க முன்னாடி போங்க" என்று அவர் சொன்ன இடம் வந்ததும் கால் நின்றுவிட்டது. சரி என்று வாக்குக் கொடுத்தாயிற்று, பேச ஒன்றும் மீதியில்லை, வழியும் காலி. அப்படியும் எங்கள் வீட்டிலேயே வேகமாக ஓடத் தெரிந்த அத்தை ஏன் கடைசிவரை அவரோடு நடந்து வந்தார் என்று ஒன்பது வயதில் நான் யோசிக்கவே இல்லை. மெடல் போன துக்கத்தில் அத்தையோடு ஒரு மாதம் பேசாமல்கூட இருந்தேன்.

கூடத்தில் எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

"ஏன் நிறுத்திட்ட?" என்றார் அத்தை, முறுக்கைக் கடித்தபடி. "நடந்து காட்டு. அவரு நடை இன்னும் கொஞ்சம் மெதுவா இருக்கும்."